கடற்காகம் கொடுத்த சொல்

அந்தக் காலத்தில், பறவைகளும் மனிதர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தபோது, இத்தாலிய மீனவர்களிடம் இரண்டே வகைச் சொற்கள் இருந்தன. நடந்ததற்கு ஒன்று, நடப்பதற்கு ஒன்று. நாளைக்கான சொல் பறவைகளிடம்தான் இருந்தது. முட்டையின் மேல் உட்காருபவர்களுக்குத்தானே அது வேண்டும்!

ஒரு கடலோர ஊரில், கடலுக்குப் போன ஒவ்வொரு படகுக்கும் துறையில் ஒரு விளக்கு எரியும். ஒன்பது நாளாகியும் படகு திரும்பாவிட்டால் ஊர்த்தலைவர் வந்து அந்த மீனவரின் மனைவியைக் கேட்பார். கண்ணால் பார்த்திருந்தால் மட்டுமே அவள் ‘இருக்கிறார்’ எனலாம். இல்லையென்றால் ‘இருந்தார்’ என்று சொல்ல வேண்டும். உடனே விளக்கை அணைத்துவிடுவார்கள்.

புயலுக்குப் பின் ஒன்பதாம் நாள் மாலை, தலைவர் பார்த்தோலோ விளக்கடியில் வந்து நின்றார்.

“நுன்ஸியாத்தா, உன் புருஷன் கஸ்பாரே இருக்காரா, இருந்தாரா? மனசைத் தேத்திக்கிட்டுச் சொல்லும்மா.”

இருக்கிறார் என்றால் பொய். இருந்தார் என்றால், இருட்டில் கரை தேடும் புருஷனைத் தானே கடலில் தள்ளுவது போல. பாவம், அவள் என்ன செய்வாள்?

“கொஞ்சம் பொறுங்க ஐயா” என்று பாறைமேல் ஏறி ஓடினாள். அங்கே ஒரு கடற்காகம் அடைகாத்துக்கொண்டிருந்தது.

“உன் நாளைக்கான சொல்லை எனக்குக் கொடு.”

“பொல்லாத சொல் இது. போன வருஷம் மூணு முட்டைகிட்டயும் சொன்னேன், ஒண்ணுதான் பொரிஞ்சது. இதைச் சொல்லிட்டா நீ நிம்மதியா அழக்கூட முடியாது.”

“பரவாயில்லை, கொடு.” கடற்காகம் அதை அவள் காதில் சொன்னது.

கீழே பார்த்தோலோவின் கை விளக்கை நோக்கி நீண்டது. நுன்ஸியாத்தா அங்கிருந்தே கத்தினாள்: “ஸரா!” இருப்பார் என்று பொருள். காற்று இரைந்ததால் மூச்சையெல்லாம் கடைசி எழுத்தில் கொட்டினாள். தலைவர் திகைத்துப்போனார். அது பொய்யுமில்லை, மெய்யுமில்லை. அப்படிச் சொன்னால் விளக்கை அணைக்க வழக்கத்தில் இடமே இல்லை.

பன்னிரண்டாம் நாள் அந்தியில் அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு படகு வந்தது. பக்கத்து ஊர்க்காரர்கள் மூவர் இறங்கினார்கள். கஸ்பாரே இல்லை.

“இந்த விளக்குதான் எங்களைக் காப்பாத்துச்சும்மா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார் ஒருவர். “உங்க வீட்டுக்காரர் எங்கே?”

அவள் விளக்கில் எண்ணெய் ஊற்றிவிட்டு, ‘ஸரா’ என்று அதையே சொன்னாள்.

அன்று முதல்தான் இத்தாலியர்கள், கண்ணில் படாதவர் இந்த நிமிடம் எங்கே என்று கேட்டாலும், வருங்காலச் சொல்லை எடுத்து, கடைசி எழுத்தை அழுத்தி, ‘ஸரா’, அதாவது ‘இருப்பார்’, என்கிறார்கள்.