ஐஸுக்கு மூணு திருடன்

கண்ணை மூடிக்கோ. மூடிக்கிட்டே கேளு. நடுநடுவுல "ம்" சொல்லணும். சொல்லலேன்னா தூங்கிட்டேன்னு நினைச்சு நான் நிறுத்திடுவேன்.

வெயில் குடியிருக்கிற ஒரு ஊர்ல, ஐஸைக் காவல் காக்கிற ஒருத்தர் இருந்தாரு. ஊரு தூத்துக்குடி. அவரு பேரு தொம்மை. கடற்கரை ஓரமா அவருக்கு ஒரு ஐஸ் கொட்டகை. வண்டியிலேருந்து ஐஸ் பாளம் பாளமா வந்து இறங்கும், தடால், தடால்னு. தொம்மை அதை உமியில புதைச்சு, மேல சாக்கைப் போட்டு மூடி வெப்பாரு. படகு கிளம்புறப்போ வெளிய எடுத்து, மரச்சுத்தியால கரக் மொறுக், கரக் மொறுக்னு உடைச்சு மீன் பெட்டிக்குக் குடுப்பாரு.

ஐஸுக்கு மூணு திருடன் உண்டும்பாரு தொம்மை. காத்து ஒரு திருடன். உப்பு ஒரு திருடன். தண்ணி ஒரு திருடன். மூணுல யாரு உள்ள நுழைஞ்சாலும் குளிரைத் தூக்கிட்டு ஓடிருவான். அப்புறம் ஐஸ் ஏது, சொட்டு சொட்டுனு ஈரம்தான் மிச்சம். அந்த மூணு பேரையும் உள்ள விடாம நிக்கிறதுதான் அவரு வேலை.

ம் சொல்லு. ஆங், அப்படி.

அவருக்கு ஒரே மக. பேரு பனிமேரி. அந்த ஊர்ல ஒருத்தரும் பனி விழுந்து பாத்தது கிடையாது, ஆனா அங்க கோயில்ல இருக்கிற மாதா பனிமாதா. அதனால அந்தப் பேரு. வெச்சது அவ அம்மா. அம்மா இப்ப இல்ல.

ஒரு மழைக்காலத்துல அம்மாவுக்குக் குளிர்ஜுரம் வந்துச்சு. கிடுகிடுகிடுன்னு நடுங்கினா. தொம்மை ஒரு கம்பளியைப் போத்தினாரு. அடங்கல. இன்னொண்ணு போத்தினாரு. அப்பவும் அடங்கல. பக்கத்து வீட்டுல கேட்டு வாங்கி மூணாவதும் போத்தினாரு. மூணு கம்பளிக்குள்ளயும் அவ கை ஜில்லுன்னே இருந்துச்சு. அப்படியே போயிட்டா. அன்னைக்குத் தொம்மை மனசுல ஒரு நினைப்பு விழுந்துச்சு. ஐஸை மூடுற மாதிரில்ல மூடிட்டேன், குளிரு வெளிய போக வழி இல்லாமப் பண்ணிட்டேனேன்னு. யாருகிட்டயும் சொல்லல. அவ போத்தியிருந்த கம்பளியை டிரங்குப் பெட்டிக்குள்ள தள்ளிப் பூட்டினாரு. அதுக்கப்புறம் அடைமழையானாலும் அந்த வீட்டுல யாரும் போத்திக்கிறதில்ல.

அப்படி இருக்கும்போது, பனிமேரி பள்ளிக்கூடத்துல விளையாட்டு டீச்சர் ஒருத்தங்க, சந்தனமாரின்னு பேரு, இமயமலைக்குக் கொஞ்சம் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறேன்னாங்க. எதுக்கு? கால்ல நீளமாப் பலகையைக் கட்டிக்கிட்டுப் பனி மேல சர்ர்ர்ருன்னு சறுக்குறதுக்கு. கடற்கரை மணல்ல விழாம ஓடுற பிள்ளைன்னு பனிமேரியையும் எடுத்துக்கிட்டாங்க.

"ஆளுக்கு ஒரு பை. அதுல ஸ்வெட்டர், சால்வை, குல்லா, மூணும் கம்பளியில இருக்கணும். கிளம்புற அன்னைக்கு மத்தியானம் நான் வீடு வீடா வந்து பையைத் திறந்து பாப்பேன். மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் ரயில்ல ஏத்த மாட்டேன்"னாங்க டீச்சர்.

அப்போ அவ சித்தி லூர்து, கொடைக்கானல்ல சிஸ்டர்மார் மடத்துல சமையல் பண்ணிட்டு வந்தவ, மூணையும் கொண்டாந்து குடுத்தா. செக்கச்செவேல்னு ஒரு ஸ்வெட்டர். ஒரு சால்வை. காதை மூடுற மாதிரி ஒரு குரங்குக் குல்லா. பிள்ளை குல்லாவை மாட்டிக்கிட்டு நின்னா.

"எப்படி மச்சான் இருக்கா உங்க மக?"

"வால் ஒண்ணுதான் குறையுது"ன்னாரு தொம்மை. வாய்தான் சிரிச்சுது.

பிள்ளை பையில மூணையும் அடுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போனா. தொம்மை பையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு. பனின்னா என்ன, வானத்துலேருந்து விழுற ஐஸு. ஐஸுக்கு நடுவுல நிக்கப்போற பிள்ளையை மூடிச் சுத்தி அனுப்புனா? ஸ்வெட்டரை உருவினாரு. அதுக்குப் பதிலா என்ன வெச்சாரு தெரியுமா? ஒரு பனையோலை விசிறி. குளிர் எடுத்தா விசிறிக்கட்டும். காத்து வந்து குளிரைத் திருடிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் பிள்ளை வந்தா. "அப்பா, ஸ்வெட்டரைக் காணோம்."

"ம்ஹூம்."

"விசிறி யாருப்பா வெச்சா?"

"இருக்கட்டும்மா. குளிருக்கு."

"குளிருக்கு விசிறியா?"

"அதுக்குத்தான சொல்லுதேன்"ன்னாரு.

பிள்ளைக்கு ஒண்ணும் புரியல. அப்பா தூக்கக் கலக்கத்துல பேசுறாருன்னு நினைச்சுக்கிட்டா. ஸ்வெட்டரைச் சித்திதான் இரவல் வாங்கிட்டுப் போயிருப்பான்னும் நினைச்சா. சித்தியோ, பக்கத்து வீட்டு ஆடு தின்னிருக்கும்னா. ஆடு ஸ்வெட்டரைத் திங்குமான்னு ரெண்டு பேரும் போய் ஆட்டையே பாத்துக்கிட்டு நின்னாங்க. ஆடு ம்மேன்னுச்சு.

அப்புறம் மறுநாளு. சால்வையைக் காணோம். அது இருந்த இடத்துல ஒரு பொட்டலம் கல்லுப்பு.

"உப்பு எதுக்குப்பா?"

"கால்ல தூவிக்க. பனி ஒட்டாது."

"அப்ப சால்வை?"

"ம்ஹூம்."

அப்போ பிள்ளை ஒரு காரியம் பண்ணினா. கிளம்புற அன்னைக்குக் காலையில குல்லாவைப் பையில வெக்கவே இல்ல. தலையில மாட்டிக்கிட்டா. தலையில இருக்கிறதை ஆடும் திங்காது, காக்காவும் தூக்காதுல்ல. அந்தச் சுள்ளுன்னு அடிக்கிற வெயில்ல குரங்குக் குல்லாவோட, தூக்குவாளியில கருப்பட்டிக் காப்பியை எடுத்துக்கிட்டு ஐஸ் கொட்டகைக்கு வந்தா. வேர்த்து ஊத்துது. கடற்கரையே சிரிக்குது. "ஏட்டி பனி, உங்க ஊருக்கு இப்பவே போயிட்டியா"ன்னு வலை கட்டுறவங்க கேக்கறாங்க.

கொட்டகைக்குள்ள வந்து குல்லாவைக் கழட்டித் தூக்குவாளி மேல வெச்சுட்டு, முகம் கழுவக் குழாயடிக்குப் போனா. தொம்மை வெடுக்குனு குல்லாவைத் தூக்குவாளியோட எடுத்தாரு. ஸ்வெட்டரும் சால்வையும் ஏற்கெனவே மூலையில உமிக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கு. அங்க கொண்டுபோய்ப் பதமாப் புதைக்கிறதுக்குள்ள தடதடன்னு காலடிச் சத்தம். பதட்டத்துல குல்லாவையும் தூக்குவாளியையும் சேத்தே அந்தக் கம்பளிக்குள்ள சொருகி, உமியைத் தள்ளி மூடிட்டு, சாமி கும்பிடுற மாதிரி நின்னுட்டாரு.

"அப்பா, குல்லா?"

"ம்ஹூம்."

பிள்ளை தேடித் தேடிப் பாத்துட்டு, வேற ஒண்ணும் கேக்காமப் போயிட்டா. காப்பி நினைப்பே அவருக்கு வரல. வீட்டுக்கு வந்து, பையில ஒரு பாட்டில் தண்ணியை வெச்சாரு. மூணு திருடனும் உள்ள ஏறியாச்சு. இனி மகளுக்குப் பயமில்லைன்னு நினைச்சாரு.

ம் சொல்லலியே. தூங்கிட்டியா? சரி, சரி, சொல்றேன்.

மத்தியானம் டீச்சர் வந்தாங்க. சர்ர்ருன்னு பையைத் திறந்தாங்க. விசிறியை எடுத்தாங்க, உப்பை எடுத்தாங்க, தண்ணியை எடுத்தாங்க.

"அண்ணாச்சி, பிள்ளை பனிக்குப் போகுதா, இல்ல மே மாசம் தேர் இழுக்கப் போகுதா? கம்பளி எங்க?"

சித்தி பிள்ளையைப் பாத்தா. பிள்ளை சித்தியைப் பாத்தா. ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல.

"அப்ப நான் கூட்டிட்டுப் போக முடியாதும்மா. அங்க குளிர்ல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

பிள்ளை அழல. பையை மெதுவா மூடினா. "நான் போகலப்பா. விடுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அதைத் தொம்மையால தாங்க முடியல.

"நான்தான் எடுத்தேன்"ன்னாரு.

"ஏன் அண்ணாச்சி?"

"ஐஸை எதுல டீச்சர் மூடி வெக்கோம்?"

"சாக்குல."

"எதுக்கு?"

"குளிர் போகாம இருக்க."

"அப்ப பிள்ளையை மூடுனா?"

"அது ஐஸு. இது பிள்ளை"ன்னாங்க டீச்சர். அப்புறம் அவங்களே யோசிச்சாங்க, அது பதில்தானான்னு. சித்தி, "கம்பளி போத்துனா சூடுதான மச்சான், ஊரு உலகத்துக்கே தெரியுமே"ன்னா.

"நானும்தான் போத்துனேன் லூர்து. மூணு போத்துனேன்."

சித்திக்குப் புரிஞ்சுபோச்சு. செத்துப்போனது அவ அக்கா இல்லையா. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. பிள்ளை அப்பா முகத்தையே பாத்துக்கிட்டு நின்னா.

"எனக்கு எது சரின்னு தெரியல. பிள்ளை ஆசைப்படுது. போய் எடுத்துட்டு வாரேன்"னு தொம்மை எந்திரிச்சாரு. கொட்டகைக்கு நடக்கும்போது அவருக்கு ரெண்டு நினைப்பு. கொண்டு குடுத்தா பிள்ளையைக் குளிருக்குக் குடுத்த மாதிரி. குடுக்கலேன்னா ஆசையைப் பறிச்ச மாதிரி.

மூலையில போய் உக்காந்து சரசரசரன்னு உமியைத் தள்ளினாரு. ஸ்வெட்டர் வந்துச்சு. சால்வை வந்துச்சு. குல்லாவுக்குள்ள கையை விட்டாரு. படக்குனு இழுத்துக்கிட்டாரு.

சூடு.

மறுபடியும் தொட்டுப் பாத்தாரு. சூடுதான். ஐஸ் கொட்டகைக்குள்ள, சுத்தி ஐஸு, நடுவுல சூடு. தூக்குவாளியை எடுத்து மூடியைத் திறந்தாரு. காலையில போட்ட காப்பி, மெல்லிசா ஆவி வருது. ஒரு வாய் குடிச்சாரு. தொண்டையில இதமா இறங்குது. இடது கையை நீட்டிப் பக்கத்து உமிக்குள்ள விட்டாரு. ஐஸ் பாளம், ஜில்லுன்னு கடிக்குது. இந்தக் கையில சூடு. அந்தக் கையில குளிரு. உமி ஒரே உமி.

"ஏ உமியே, நீ யாரு பக்கம்?"னு கேட்டாரு.

உமி என்ன பேசுமா? அவரு குழம்பிப் போய் அப்படியே உக்காந்திருந்தாரு. வெளிய கடல் சொள்ளு சொள்ளுன்னு கரையை அடிக்குது. காப்பியைப் பாத்தாரு, ஐஸைப் பாத்தாரு, காப்பியைப் பாத்தாரு. அப்புறம் மெதுவா, ரொம்ப மெதுவா ஒண்ணு தோணுச்சு. இது யாரு பக்கமும் இல்ல. குளிரைக் குடுத்தா குளிரை வெச்சிருக்கு. சூட்டைக் குடுத்தா சூட்டை வெச்சிருக்கு. அப்படின்னா அன்னைக்கு, நான் மூடுறதுக்கு முந்தியே அவ சூடு போயிருந்துச்சு. கம்பளி குளிரைக் கூட்டிட்டு வரல. நானும் கூட்டிட்டு வரல.

உமி மேல உக்காந்து தொம்மை அழுதாரு. ஐஸ் உருகுற மாதிரி, சத்தமில்லாம.

ம்... ஆமா, அழுதாரு. அப்புறம் மூக்கைத் துடைச்சுக்கிட்டு ஓடினாரு.

ரயில் புறப்படுற நேரம். அந்த வேகாத வெயில்ல, பிளாட்பாரத்துல வெச்சு, மக ரெண்டு கையையும் எடுத்துப் பரபரன்னு தேச்சாரு. ஸ்வெட்டரை மாட்டினாரு. சால்வையைச் சுத்தினாரு. குல்லாவைக் காது வரைக்கும் இழுத்தாரு.

"அப்பா, வேகுதுப்பா. எல்லாரும் பாக்காங்க."

"பாக்கட்டும். சூட்டை உள்ள வெச்சு இங்கயே பூட்டிக்க. அங்க போய்ப் போட்டா குளிரைல்ல பூட்டுவ."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா அவரு முகத்தைப் பாத்துட்டு, தன் ஸ்வெட்டரையும் எடுத்து அங்கயே மாட்டிக்கிட்டாங்க. ரயில் கூ...ன்னு கூவி, தடக் தடக், தடக் தடக்னு போச்சு. சன்னல்ல ஒரு குரங்குக் குல்லா சின்னதா ஆகி, இன்னும் சின்னதா ஆகி மறைஞ்சுபோச்சு.

அப்புறம் ஒரு நாள் சாயங்காலம், வானம் மூடி மழை பிடிக்கிற நேரத்துல, போன் வந்துச்சு.

"அப்பா, சறுக்கினேன்ப்பா. மூணு தடவை விழுந்தேன். நாலாவது தடவை விழல."

"குளிருதாம்மா?"

"மூக்கு மட்டும் குளிருது. உள்ள சூடாத்தான் இருக்கு. நம்ம ஊர்ல பூட்டினதுல்ல."

தொம்மை போனை வெச்சாரு. வெளிய சடசடன்னு மழை. டிரங்குப் பெட்டி பக்கத்துல போய் ரொம்ப நேரம் நின்னாரு. சாவியைப் போட்டுத் திறந்தாரு, கிரீச்னு. அடியில இருந்த கம்பளியை எடுத்து, உதறி, அதைத் தோள்ல போத்திக்கிட்டு வாசல்ல உக்காந்து மழையைப் பாத்தாரு. கம்பளிக்குள்ள வந்த சூடு தன்னுதா அவளுதான்னு அவருக்குத் தெரியல. இன்னைக்கு வரைக்கும் தெரியலியாம்.

ம் வரலியே. சரி. கையை உள்ள வெச்சுக்கோ. இந்தா, இழுத்துப் போத்துறேன். உன் சூடு உள்ளதான் இருக்கு, எந்தத் திருடனும் வரல. கதையும் உருகிப்போச்சு. நீ தூங்கு.