ரோட்டுல இல்லாத முள்ளு

"ஏழு வருஷமா வெறுங்காலோட நடந்து வர்றேன் தாயி. ஒன்னும் பலிக்கலை."

சேவுகன் இப்படிச் சொன்னதும் நாச்சம்மா தலையைக்கூடத் தூக்கலை.

"காலைக் காட்டுங்க," ன்னா.

அவ எப்பவும் அப்படித்தான். மலைக்கோயிலுக்கு நடந்து போற கூட்டம் மொத்தமும் அந்தப் புளியமரத்தைத் தாண்டித்தான் போகணும். மரத்தடியில சாக்கை விரிச்சு ஒக்காந்திருப்பா. நாப்பது வயசு இருக்கும். கையில ஒரு ஊக்கு. பக்கத்துல ரெண்டு கொட்டாங்கச்சி. ஒன்னுல எருக்கம்பால், இன்னொன்னுல காலுல இருந்து எடுத்த முள்ளுங்க.

அவ வேலை அவ்வளவுதான். ஆனா சனங்க அவகிட்ட என்னென்னமோ கேப்பாங்க.

போன வருஷம் ஒரு வாத்தியார் கேட்டார். "சாமி எதுக்கும்மா முள்ளைப் படைச்சாரு?"

"காது குத்த. இலை தைக்க. வேலி அடைக்க."

"அது தெரியும்மா. அதுக்கு மேல?"

"அந்தக் காலையும் காட்டுங்க."

வாத்தியார் கண்ணைத் தொடச்சுக்கிட்டே போனார். வலியா, வெளங்கிருச்சா, யாருக்கும் தெரியாது.

சேவுகன் அவளைவிட இருவது வயசு மூத்தவர். இருந்தாலும் அவளைத்தான் குருன்னு சொல்லுவார். "குரு கையில ஊக்கா இருக்கும்? போங்கய்யா," ன்னு அவ சிரிப்பா.

இன்னைக்குச் சிரிக்கலை. அவர் குதிங்கால் வீங்கிக் கெடந்தது.

"அப்படி என்னதான் வேண்டுறீங்க?"

"மக வரணும்."

"எங்க இருக்கு?"

"எங்க ஊருலதான். ஊருணிக்கு அந்தப் பக்கம்."

நாச்சம்மா ஒரு தடவை நிமிந்து பாத்தா. அப்புறம் எருக்கம்பாலைத் தொட்டு வச்சா.

செவ்வந்தி அவருக்கு ஒரே மக. தாயில்லாத பிள்ளை. தனக்குப் பிடிச்சவனைக் கட்டிக்கிட்டா. இவரும் ஒரு வார்த்தை சொல்லிட்டார், இனிமே இந்த வீட்டுப் பக்கம் வராதேன்னு. அப்பன் பேச்சை அதுவரைக்கும் கேக்காத பிள்ளை, அதை மட்டும் கேட்டுக்கிச்சு.

"பேரப்பய இருக்கான் தாயி. மொகம் பாத்ததில்லை. அழுதா கேக்கும். எதுக்கு அழுறான்னுகூட எனக்குத் தெரியும். பசிக்கா, அடிக்கான்னு."

"அசையாதீங்க."

"மீன் கொழம்பு வச்சா நான்தான் அவளுக்கு முள்ளெடுத்துப் போடணும். இருவது வயசு வரைக்கும் அப்படித்தான். பொடி முள்ளைக்கூட விடமாட்டேன். இப்ப மீனே வாங்குறதில்லை."

"ஏன்?"

"யாருக்கு முள்ளெடுக்க?"

நாச்சம்மா ஊக்கை உள்ள விட்டு நெம்புனா. சேவுகன் பல்லைக் கடிச்சுக்கிட்டார்.

"இது பழைய முள்ளுங்கய்யா. பத்துப் பதினஞ்சு நாளாச்சு."

"இல்லையே. நேத்து ரோட்டுல ஏறுனது."

"ரோட்டுல ஏறுனது இல்லை."

"நடக்குறவனுக்குத் தெரியாதா?"

"எடுக்குறவளுக்குத் தெரியும்."

எடுத்து அவர் உள்ளங்கையில வச்சா. சின்ன முள்ளு. கொக்கி மாதிரி வளைஞ்சிருந்தது.

கொட்டாங்கச்சியை அவர் பக்கம் தள்ளுனா. அதுல இருந்ததெல்லாம் நீட்டமா, நேரா இருந்தது.

"இந்த ரோடு பூராம் சீமைக் கருவை. நேராத்தான் இருக்கும். இது இலந்தை. ஒங்க பக்கத்துல எங்க இருக்கு இலந்தை?"

சேவுகன் யோசிச்சார்.

"வீட்டுக்குப் பக்கவாட்டுல. ஊருணிக்குப் போற தடத்துல."

"மரமா?"

"மரமில்லை. வெட்டிக் கொண்டாந்து போட்டது."

"யாரு போட்டது?"

"நான்தான். அன்னைக்குக் கோவத்துல தடத்தை அடைச்சேன்."

"ஏழு வருஷத்துல அது மக்கிப் போயிருக்குமே."

"மக்கும். வருஷா வருஷம் மாலை போடுறதுக்கு முன்னாடி புதுசா வெட்டிப் போட்டுட்டுத்தான் கெளம்புவேன். இல்லாட்டி ஆடு வந்துரும்."

"ஒங்ககிட்ட என்ன வெள்ளாமை இருக்கு, ஆடு மேய?"

சேவுகன் காலை இழுத்துக்கப் பாத்தார்.

நாச்சம்மா காயத்துல மஞ்சளை அப்புனா. மெதுவாத்தான் கேட்டா.

"வெறுங்காலோட அந்த முள்ளுகிட்ட எதுக்குங்கய்யா போனீங்க?"

"தெனமும் போவேன். பொழுது சாயுற நேரம்."

"எதுக்கு?"

"அவ வர்றாளான்னு பாக்க."

புளியமரத்துல காத்து அடிச்சுது. ரோட்டுல கூட்டம் பாட்டுப் பாடிக்கிட்டே போய்க்கிட்டிருந்தது.

சேவுகன் தன் கையைப் பாத்தார். முள்ளைப் பாக்கலை. வெரலைத்தான் பாத்தார். பொடி முள்ளைக்கூட விடாத வெரலு.

அப்புறம் எந்திரிச்சார். துண்டை ஒதறித் தோளுல போட்டுக்கிட்டு வந்த வழியையே திரும்பிப் பாத்தார். மூணு நாள் நடந்து வந்த தூரம்.

நாச்சம்மா தன் ரப்பர் செருப்பைக் கழட்டி அவர் காலுகிட்ட தள்ளுனா.

"போட்டுக்கங்க. முள்ளு அள்ளப் போறீங்க."

"வெரதத்துல இருக்கேன் தாயி."

"மலைக்குப் போறவங்களுக்குத்தாங்க வெரதம்."

சேவுகன் செருப்பை மாட்டுனார். அளவு சின்னது. குதிங்கால் பின்னாடி நீட்டிக்கிட்டு நின்னுது.

"அடுத்த ஆளு, காலைக் காட்டுங்க," ன்னா நாச்சம்மா.

ரோட்டுல எதிர்க்க வந்த கூட்டத்துல ஒரு எளவட்டப் பய அவரை நிறுத்துனான்.

"பெருசு, வழி மாறிப் போறீங்க. மலை இந்தப் பக்கம்."

"தெரியும்ப்பா," ன்னார் சேவுகன். "ஊருக்கு பஸ்ஸு ஏறப் போறேன். இங்க மீனு எங்க கெடைக்கும்?"