லைனுக்குக் கீழே நிற்பவர்

எங்கள் துணை மின் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதுகாப்புக் கருவியை யார் தயார் செய்தாரோ, அவர்தான் முதன்முதலில் கரண்ட் விடும்போது அந்த லைனுக்குக் கீழே நிற்க வேண்டும். இதில் எங்களுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

இங்கே குரு மரகதவல்லி, வயது முப்பத்து நான்கு. சீடர் இன்பசேகரன், ஓய்வு பெறப் போகிற வயது.

லைனில் கோளாறு வந்தால் ரிலே என்ற கருவி கரண்டை நிறுத்தும். களவாணிப் பயல்கள் நெட்வொர்க் வழியாகப் பொய்க் கோளாறுத் தகவல் அனுப்பி ஊரையே இருட்டாக்கப் பார்த்தார்கள். இன்பசேகரன் விடுவாரா? பழைய கோளாறுகளை எல்லாம் காட்டிக் காட்டி ஒரு கம்ப்யூட்டரைப் பழக்கினார். பொய் என்று கண்டால் அது ரிலேயைத் தடுத்துவிடும்.

மரகதவல்லி சோதித்துப் பார்க்க விதவிதமாகப் பொய் அனுப்பினார். கம்ப்யூட்டர் ஒன்று விடாமல் பிடித்தது.

“அசந்துட்டேன் சார்.”

“நாளைக்கே மாட்டிடலாமா மேடம்? நானே கீழே நிக்கிறேன்.”

“அதுக்குச் சந்தேகம் வந்தா என்ன செய்யும்?”

“அதுக்கு ஏன் சந்தேகம் வரப்போகுது? உண்மை, இல்லேன்னா பொய். டக்குனு சொல்லிடும்.”

மரகதவல்லி சோதனை மேசையில் இன்னொன்றை அனுப்பினார். காய்ந்த மணலில் கம்பி அறுந்து விழுந்தால் வருமே, விட்டுவிட்டு மெலிசாக, அந்தக் கோளாறு. நிஜமானது.

திரையில் ‘பொய்’ என்று வந்தது. ரிலே அசையவில்லை.

“கம்பி தரையில கிடக்கு சார். கரண்ட் ஓடிக்கிட்டே இருக்கு. கீழே யாரு நிக்கிறா?”

இன்பசேகரன் கம்ப்யூட்டரைக் கழற்றித் தன் மேசைக்கு எடுத்துப் போனார்.

மழைக்காலம் முழுக்க அதனோடு மல்லுக்கட்டினார். கடைசியில் ஒருநாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்.

“இப்போ அது ‘தெரியல’ன்னும் சொல்லுது மேடம். தெரியலேன்னா ரிலேயைத் தடுக்காது. மணல் கோளாறுக்குக் கரெக்டா நிறுத்திடுது. ஆனா ரெண்டொரு பொய்கிட்ட ஏமாந்துடுது. முன்னே ஒண்ணுகிட்டயும் ஏமாறல. வெட்கமா இருக்கு.”

மரகதவல்லி அதை ரிலேயோடு இணைக்கச் சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார். லைனுக்குக் கீழே போய் நின்றார்.

“மேடம், அது என் இடம்!”

“இன்னைக்கு என்னுது. நீங்க போய் சுவிட்சைப் போடுங்க.”

“அது ஏமாந்துட்டா ஊரே இருட்டாயிடுமே! அத்தனை பேரும் நம்மளைத் திட்டுவாங்களே!”

“திட்டட்டும் சார். திட்டுறதுக்கு அத்தனை பேரும் உசுரோட இருப்பாங்க.”