வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

பறவை பார்ப்பவர்கள் பொறுமைசாலிகள் என்றொரு நம்பிக்கை நாட்டில் ஆழமாக வேரோடிக் கிடக்கிறது. இதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

சென்னியப்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். வயது அறுபத்துமூன்று. புரட்டாசியில் இமயத்துக்கு அப்பாலிருந்து கோவைக்கு வரும் கதிர்க்குருவியை ஊர்ப் பூங்காவில் முதலில் பார்த்தவர் என்று, பூங்கா வாசல் கரும்பலகையில் ஒரு முறையாவது தன் பெயர் வரவேண்டும். வேறு ஆசை கிடையாது. மூன்று ஆண்டுகளாக, அதே பூங்காவுக்குப் பறவை பார்க்க வரும் லாரன்ஸ் பெயர்தான் வந்துகொண்டிருக்கிறது.

பறவை பார்ப்பதில் சென்னியப்பனின் குரு சபூரா டீச்சருக்கு முப்பத்துநான்கு வயது. அன்று காலை, வேலிச்செடியின் இரு பக்கமும் தெரிகிற சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

சென்னியப்பன் செடிக்கு மேலே நின்ற வேப்பமரத்தை நோக்கிக் கைபேசியை உயர்த்தினார். அதில் பதிந்துவைத்த குருவிக் குரல் "ச்சிலீ" என்றது.

அப்பாலிருந்து "ச்சிலீ" என்று பதில் வந்தது.

"கேட்டீங்களா டீச்சர்? அரை மணி நேரமா பதில் சொல்லுதுங்க. முகத்தை மட்டும் காட்ட மாட்டேங்குது. என்ன பண்ணுனா வருமுங்க?"

"கூப்பிடறதை நிறுத்துங்க சார்."

"நிறுத்துனா பறந்துருமுங்களே!"

"பறக்காது. அந்தப் பக்கம் போய்ப் பாருங்க."

சென்னியப்பன் அடிமேல் அடி வைத்துச் செடியைச் சுற்றிப் போனார். அங்கே லாரன்ஸ் நின்றிருந்தார், கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி.

"அடப்பாவி! இத்தனை நேரமா நீயா?"

"உன்னை நம்பி டிபன்கூட சாப்பிடலைய்யா!"

டீச்சர் இருவரையும் அழைத்து உள்ளங்கையை நீட்டினார். இரண்டு கைபேசிகளும் அணைக்கப்பட்டுக் கடலைப் பொட்டலத்தின் அடியில் போயின. ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தார்கள்.

பத்து நிமிடம் கழிந்தது.

"ச்சிலீ."

"லாரன்சு, இன்னொரு போன் வச்சிருக்கியா?"

"நீ வச்சிருப்ப. பையைக் காட்டு."

"ச்சிலீ."

சென்னியப்பனின் குரல் இறங்கியது. "அப்ப இது யாருதுங்க டீச்சர்?"

டீச்சர் கிளையைக் காட்டினார்.

"காலையில இருந்து அங்கதான் சார் இருக்குது. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கட்டும்னு காத்துட்டிருந்துச்சு."

பத்து ரூபாய் நாணயத்தின் எடைகூட இல்லாத பச்சைக் குருவி ஒன்று வேப்பிலைக்கு அடியில் புழு தேடிக்கொண்டிருந்தது. இருவரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள்.

அன்று கரும்பலகையில் இரண்டு பெயர்கள் இருந்தன. லாரன்ஸ் என்பது சென்னியப்பனின் கையெழுத்தில். சென்னியப்பன் என்பது லாரன்சின் கையெழுத்தில்.