வெட்டிய ஓரம்

மெயில் மறுபடியும் திரும்பி வந்துவிட்டது.

வைத்தியலிங்கம் கிணற்றடிக்கு வந்தார். மடத்துச் சாமி துண்டு அலசிக்கொண்டிருந்தார்.

சாமி வயதில் இளையவர். வைத்தியலிங்கம் டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். மடத்தில் வயதை யாரும் பார்ப்பதில்லை.

“போகலை சாமி. கனம் ஜாஸ்தின்னு திருப்பி அனுப்புது.”

“என்ன அனுப்புதீரு?”

“மண்டபத்து ஓவியம் எல்லாம் போட்டு மனு.”

மண்டபம் கோவிலுக்குச் சேர்ந்தது. மடத்துச் சொல் அங்கே செல்லாது. உபயதாரர் ஒருவர் புண்ணியம் தேடி டின் டின்னாகப் பெயின்ட் இறக்கிவிட்டார். விடிந்தால் ஆட்கள் வந்து பழைய ஓவியங்களின் மேலேயே அடித்துவிடுவார்கள். ஓவியங்களைக் காக்கிற ஆபீசில் ஓர் அம்மாள் போனில் சொன்னார்: சாயங்காலத்துக்குள் படங்களோடு மனு வந்தால் தடுக்கலாம். வராவிட்டால் அவர் கையில் ஒன்றும் இல்லை.

“படத்தைச் சின்னதாக்கினீரா?”

“மூலையைப் பிடிச்சு இழுத்து, எல்லாத்தையும் தபால்தலை மாதிரி ஆக்கிட்டேன்.”

சாமி ஈரத்துண்டை மடித்தார். இன்னும் மடித்தார். வைத்தியலிங்கத்தின் கையில் வைத்தார்.

“சின்னதாயிட்டா?”

“ஆயிட்டு.”

“கனம்?”

தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகியது.

“துண்டுல ஒரு மஞ்சக் கறை இருந்துச்சே. போயிட்டா?”

“உள்ளே மடிஞ்சிருக்கும்.”

சாமி துண்டை வாங்கி உதறிக் கொடியில் போட்டார். “வாரும், பாப்போம்.”

கம்ப்யூட்டருக்கு முன்னால் சாமி நின்றுகொண்டே பார்த்தார். சுவரெல்லாம் யானை, குதிரை, பல்லக்கு.

“இதென்ன, பல்லக்குக்கு ஓரமா ஒரு கை?”

“அது ஒண்ணுமில்லை சாமி.”

“யாரு கை?”

“யாருமில்லை.”

“யாருமில்லாத கை கோலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதாக்கும். அதிசயமான மண்டபம்தான்வே.”

சாமி போய்விட்டார்.

யாருமில்லை என்பது பொய். படம் எடுத்தவர் வைத்தியலிங்கம். ஒவ்வொரு ஓவியத்தின் கீழேயும், அளவு தெரிவதற்காக முழக்கோலைப் பிடித்து நின்றவர் இன்னொருவர். மடத்துக்கு இவரோடு வந்தவர்தான். ஒரே அறை, ஒரே விபூதித் தட்டு.

பிறகு ஒரு குருபூஜை வந்தது. பரிவட்டம் அவர் தலைக்குப் போனது. வைத்தியலிங்கம் சபையில் அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். என்ன வார்த்தை என்பது இப்போது எதற்கு? சொல்லக் கூடாத வார்த்தை. அவர் பரிவட்டத்தை அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டு மகன் வீட்டுக்குப் போனார். அதோடு சரி.

அன்றே வைத்தியலிங்கம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் ஒரே கோப்பாக ஒட்டி வைத்திருந்த எல்லாப் படங்களிலும் ஓரத்தை வெட்டினார். அந்தக் கோப்பில்தான் இப்போது மனுவை எழுதியிருந்தார். கேமராவில் இருந்த மூலப்படங்களையும் அழித்தார்.

இந்தக் கை எப்படியோ தப்பியிருக்கிறது.

அதையும் வெட்ட ஓரத்தைப் பிடித்தார். மவுஸ் வழுக்கியது. படம் குறுகவில்லை; விரிந்தது.

கை நீண்டது. தோள் வந்தது. ஆள் முழுசாக வந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். சிரித்தார்.

அடுத்த படத்தை இழுத்தார். அதிலும் நின்றார். யானைக்குக் கீழே, குதிரைக்குக் கீழே, இழுத்த எல்லாவற்றிலும் நின்றார். வெட்டியது எதுவும் போகவில்லை. இவர் கண்ணுக்குத்தான் மறைந்திருந்தது.

துழாவியதில் ஒரு கேள்வி அகப்பட்டது: வெட்டிய பகுதிகளை நீக்கிவிடவா?

வைத்தியலிங்கம் எழுந்து சாமியிடம் ஓடினார்.

“சாமி, ஒரே அழுத்து. கனம் குறைஞ்சிரும். மனு போயிரும்.”

“அழுத்தும்.”

வைத்தியலிங்கம் நகரவில்லை.

“பொழுது சாயுது. அழுத்தும்வே.”

“கோல் இல்லைன்னா ஓவியத்தோட அளவு தெரியாது சாமி.”

“அளவுதான் கவலையா?”

சாமி மடியிலிருந்து போனை எடுத்து அவர் கையில் வைத்தார். பூஜைக்குப் பூப்பறிக்கப் போய்விட்டார்.

வைத்தியலிங்கம் கம்ப்யூட்டருக்குத் திரும்பி, கோல் பிடித்தவரின் எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

“யாரு?”

“நான்தான்.”

கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. பிறகு, “சொல்லும்.”

மனு, மண்டபம், பெயின்ட், எல்லாவற்றையும் வைத்தியலிங்கம் கொட்டினார். அந்தப் பக்கம் கேட்டவர் பத்திரிகைக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் கட்டிப் பழகியவர்.

“மூலையைப் பிடிச்சு இழுத்தீராக்கும்?”

“ஆமா.”

“வாத்தியார்ல்லா! வேற என்ன செஞ்சீரு? ஓரம் கீரம் வெட்டினீரா?”

“வெட்டினேன்.”

“எந்த ஓரத்தை?”

வைத்தியலிங்கம் திரையில் கோல் பிடித்து நின்றவரைப் பார்த்தார்.

“ஓ,” என்றது குரல். “எல்லாப் படத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

தூரத்தில் குக்கர் விசில் கேட்டது.

“சரி, ஒரு படத்தைத் தொடும். மேலே, படத்தைச் சுருக்குன்னு இருக்கும். அவங்க கம்ப்யூட்டர்ல பாக்கத்தானே போறாங்க, சுவரொட்டியா அடிக்கப் போறாங்க? மெயிலுக்குன்னு ஒரு அளவு இருக்கும். அது போதும். எல்லாப் படத்துக்கும்னு கொடும்.”

“வெட்டினதை நீக்கவான்னு கேக்குது.”

“அது உம்ம இஷ்டம்வே. அதை என்கிட்ட கேட்காதீரும்.”

“நீரு ஒரு எட்டு வாருமே.”

“கால் விழுந்துட்டு. கட்டில்தான். போன வருஷம் கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். நாளும் போனைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.”

“நான்...”

“மனுவை அனுப்பும். பொழுது போகுது.”

போன் அணைந்தது.

வைத்தியலிங்கம் மீதிப் படம் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பிடித்து வெளியே இழுத்தார். கடைசிப் படத்திலும் ஆள் முழுசாக வரும்வரை இழுத்தார். நீக்கவா என்ற இடத்தில் வேண்டாம் என்றார். பிறகு சுருக்கினார்.

மனு போனது. திரும்பவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த அம்மாளிடமிருந்து பதில் வந்தது. சாமி தோளுக்குப் பின்னால் நின்று உரக்கப் படித்தார்.

“மனு கிடைத்தது. வேலையை நிறுத்த உத்தரவு போகிறது. அளவு தெரிந்ததால் எங்களுக்கு எளிதாயிற்று. எல்லாப் படங்களிலும் கோல் பிடித்து நிற்பவர் யார்? பெயர் குறிக்க வேண்டும்.”

சாமி வைத்தியலிங்கத்தைப் பார்த்தார்.

“யாருமில்லைன்னு எழுதிரவா?”

வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். விசைகள் தெரியவில்லை. மறுபடியும் துடைத்தார்.

ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார்.

தாண்டவராயன்.