தலைவர் கேட்ட குடை

வெள்ளத்தில் வீடிழந்த சனம் பள்ளிக்கூட வாசலில் நடுங்கிக்கொண்டு நின்றது. "கம்பளி இன்னும் வரலை, நான் என்ன பண்றது?" என்று கையை விரித்தார் பேரூராட்சித் தலைவர் குஞ்சிதபாதம். வாய் கூசவில்லை அந்த ஆளுக்கு. வந்த கம்பளி மொத்தமும் அதே வாசலில் நின்ற அவர் கார் டிக்கியில்தான் இருந்தது.

மழை வலுத்தது. அவர் குடையும் டிக்கியில். டிக்கியோ திறக்க மாட்டேன் என்றது. திணித்த திணிப்பில் கம்பளி முனை ஒன்று பூட்டில் மாட்டியிருந்தது.

"குடையை எடுடா," என்று டிரைவர் சவரிமுத்துவிடம் பல்லைக் கடித்தார். "உள்ளே இருக்கிறது எவனுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா உன் வேலை போச்சு."

சவரிமுத்து நடுங்கும் சனத்தைப் பார்த்தான். "சரிங்கய்யா" என்று பின்சீட்டை மடக்கிக் கையை விட்டான். குடை அடியில் கிடந்தது. மேலே இருந்த கம்பளியை உருவி, பக்கத்தில் நின்றவளிடம், "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்று நீட்டினான். அடுத்ததை அடுத்தவரிடம். எல்லாரும் பிடித்தார்கள், பிடித்ததைப் போர்த்திக்கொண்டார்கள். தடுத்தால் கம்பளி தன் காருக்குள் எப்படி வந்ததென்று சொல்ல வேண்டுமே, தலைவர் நனைந்துகொண்டே நின்றார்.

கடைசியில் குடை வந்தது.

"நான் என்னடா சொன்னேன்?" என்று உறுமினார்.

"தெரியக் கூடாதுன்னீங்க. இனி யார் எட்டிப் பார்த்தாலும் ஒண்ணும் தெரியாதுங்கய்யா," என்று குடையை விரித்துக் கொடுத்தான் சவரிமுத்து. "உள்ளே ஒண்ணுமே இல்லை."