எரியாத குச்சி

ஒரு காடைக்குஞ்சு பொரிப்பகத்தில் ஒரு மடிக்கணினி இருந்தது. அது முதலில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தது. அதற்குள் இருந்த இயங்குதளம் காலாவதியானதும் அவர்கள் கணினியையே கழித்துக்கட்டிவிட்டார்கள். பொரிப்பகத்தை நடத்தும் சிந்தாமணி அதை வாங்கிவந்து, உள்ளே லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைக் குடிவைத்தாள். அன்றிலிருந்து கணினிக்கு ஒரு குணம் வந்துவிட்டது. எதையும் தானே பிரித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாது.

பொரிப்பான் பேட்டரியில் ஓடியது. பேட்டரிக்குச் சார்ஜர் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சார்ஜரோ எப்போது படுக்கும் என்று தெரியாத நோயாளி. அது படுத்தால் பேட்டரி வற்றும், பொரிப்பான் நிற்கும், முட்டைகள் குளிர்ந்துவிடும். முட்டைகளுக்குள் குஞ்சுகள் அசையத் தொடங்கியிருந்த வாரம் அது.

அதனால் சிந்தாமணி பேட்டரியின் கம்பியில் ஒரு புளூடூத் மல்டிமீட்டரைக் கோத்துவிட்டாள். கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அது காற்றிலேயே சொல்லும், போன் கேட்டுக் காட்டும். ஆனால் அவள் வெளியே கிளம்பினால் போனும் கூடவே கிளம்பிவிடும்.

"நீயாவது இங்கியே கிடந்து பார்த்துக்குவியா?" என்று அவள் கணினியின் மூடியைத் தட்டினாள்.

"அதெல்லாம் உன்னால ஆகாது," என்றது போன். "அதுக்குன்னு மீட்டர் கம்பெனிக்காரன் எனக்குத்தான் செயலி எழுதிக் கொடுத்திருக்கான். உன் சாதிசனத்துக்கு ஒரு வரிகூட எழுதலை."

"அந்தச் செயலி ஆம்பியர் காட்டறதுக்கு முன்னாடி அக்காவோட சொந்தக்காரங்க நம்பரையெல்லாம் கேட்டுதே, அது எதுக்கு?" என்றது கணினி.

போனுக்குத் திடீரென்று சார்ஜ் குறைந்துவிட்டது.

கணினி மீட்டரின் பக்கம் திரும்பியது. "இப்ப கம்பில எவ்வளவு ஓடுது?"

"எனக்கு எண்ணெல்லாம் சொல்லத் தெரியாது," என்றது மீட்டர். "என் முகத்துல ஒவ்வொரு இலக்கமும் ஏழு குச்சி. எது எரியுது, எது எரியலை, அதைத்தான் சொல்லுவேன். கூட்டிப் படிக்கிறது உன் பாடு."

"வரிசையாவது ஒழுங்கா சொல்லுவியா?"

"எனக்கு ஒழுங்காத்தான் இருக்கு."

கணினி சளைக்கவில்லை. சிந்தாமணியும் சளைக்கவில்லை. அவள் மீட்டரைக் கம்பியிலிருந்து கழற்றி, வோல்ட் பார்க்கும் நிலைக்கு மாற்றி, அதன் முனைகளைப் பழைய செல்களில் வைப்பாள், முகத்தில் தெரியும் எண்ணைக் கணினியில் தட்டுவாள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எந்தக் குச்சி மாறியது என்று கணினி பார்க்கும். ஒன்றுக்கு இரண்டு குச்சி, ஏழுக்கு மூன்று, எட்டுக்கு எல்லாம். பலமுறை உளறியது. ஐந்தை இரண்டு என்று படித்து, போனின் சிரிப்பைக் கேட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மதியச் சோற்றுக்குள் எல்லா எண்ணும் வசப்பட்டுவிட்டன.

சிந்தாமணி கவனமானவள். சிவப்பு முனையை நேர்முனையில் மட்டுமே வைப்பாள். தவறியும் மாற்றி வைத்ததில்லை. இந்த நல்ல பழக்கத்தில்தான் வினை இருந்தது.

"மீட்டரே, நீ சொல்ற கூட்டத்துல ரெண்டு குச்சி ஒரு தடவைகூட எரியலையே, அது என்ன?" என்றது கணினி.

"இன்னும் எரியலை, அவ்வளவுதான்."

"அப்ப குப்பை," என்று தீர்ப்புச் சொல்லி, இரண்டையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டது. படித்தவர்கள் விரைவாகச் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று.

"பேட்டரிக்கு வர்றது நின்னா உடனே எனக்குச் செய்தி அனுப்பு," என்று கணினிக்குக் கட்டளை எழுதி, மீட்டரை மறுபடி பேட்டரியின் கம்பியில் கோத்துவிட்டுச் சிந்தாமணி சந்தைக்குக் கிளம்பினாள்.

கணினி கண்ணிமைக்காமல் படித்தது. இரண்டு ஆம்பியர். இரண்டு ஆம்பியர். இரண்டு ஆம்பியர்.

சற்று நேரம் கழித்துப் பேட்டரி முனகியது. "ஏனுங்ணா, எனக்கு வருதுங்களா, போகுதுங்களா?"

"ரெண்டு ஆம்பியர் வருது. சும்மா கிட."

"வயிறு காயுதுங்ணா."

"எண்ணைப் பாரு. நானா சொல்றேன்? மீட்டர் சொல்றது."

"எண்ணு உங்களுதுங்க. வயிறு என்னுதுங்களே."

கணினிக்குக் கோபம் வந்தது. ஆனால் பிரித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாத குணம், மறுப்பதற்கு முன்பும் பிரித்துப் பார்க்கச் சொன்னது. "மீட்டரே, நீ பொய் சொல்றியா?"

"எரியறதை எரியுதுன்னேன். நீதான் பாதியைக் கேட்கலை."

கணினி தான் தள்ளிய குப்பையைக் கிளறியது. அங்கே எரியாத குச்சிகளில் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்தோ எரிந்துகொண்டிருந்தது. முதல் இலக்கத்துக்கு இடப்பக்கம், படுத்த வாக்கில், ஒற்றைக் குச்சி.

கழித்தல் குறி.

சார்ஜர் படுத்துவிட்டது. வந்துகொண்டிருந்த இரண்டு, போய்க்கொண்டிருக்கும் இரண்டாகியிருந்தது. எண் மாறவில்லை. திசைதான் மாறியிருந்தது.

கணினி தன்னை நொந்துகொண்டு நேரத்தைப் போக்கவில்லை. அந்தக் குச்சியைக் கணக்கில் சேர்த்தது, செய்தியை விட்டது. சந்தையில், பைக்குள் கிடந்த போன் அலறியது.

"என்னப்பா, படிக்க வந்துடுச்சா?" என்றது போன்.

"கேலியைச் சாயங்காலம் வெச்சுக்கோ. அக்காவைக் கூப்பிடு. பேட்டரி வத்துது."

சொல்ல வேண்டும், போன் அன்று ஒரு நொடியும் வீணாக்கவில்லை. சிந்தாமணி செய்தியைப் படித்ததும் பொரிப்பகத்துக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் எலக்ட்ரீஷியன் பெரோஸைக் கூப்பிட்டாள்.

"பெரோஸ், சார்ஜர் ஃபியூஸ் போயிருக்கும்போல. ஓடு!"

"சாப்பிட உக்காந்தேன், அக்கா."

"சாப்பாடு ஆறினா சூடு பண்ணிக்கலாம். முட்டை ஆறினா?"

கையைக் கழுவாமலே அவன் ஓடினான். பேட்டரியின் முனகல் நிற்கவும் அவன் புது ஃபியூஸைச் செருகவும் சரியாக இருந்தது. படுத்திருந்த குச்சி அணைந்தது. பொரிப்பானின் சூடு தளரவில்லை.

அந்த வாரக் கடைசியில் பொரிப்பகம் முழுக்க ஒரே கீச்சுச் சத்தம். பேட்டரி நிறைந்த வயிறோடு உறங்கியது. போனுக்கு மட்டும் உறக்கம் வரவில்லை.

"எல்லாந்தான் சரியாயிடுச்சே. எண்ணும் தெரியும், குறியும் தெரியும். இன்னும் எதை முறைச்சுப் பார்த்துக்கிட்டிருக்கே?"

கணினி திரும்பவில்லை.

"இன்னொரு குச்சி இருக்கு," என்றது. "அது இன்னும் எரியலை."